நான்கு நிற டார்ச் லைட்: எந்த நிறம் எதற்கு?

கேள்வி: வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு நிறமும் உள்ள டார்ச் லைட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 39 வெள்ளிக்குக் கிடைக்கிறது. மகன் பள்ளி முகாமுக்குப் போகிறான். வாங்கித் தரலாமா? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: முகாமில் அவனுக்கு உதவப்போவது வெள்ளையும் சிவப்பும்தான். மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் அடித்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மங்கலான சிவப்பு கலைக்காது, ஏனென்றால் இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைப்பதில்லை. கூடாரத்தில் பையைத் துழாவவும், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பாமல் வெளியே போய்வரவும் இது போதும். பளீரென்று அடிக்கும் சிவப்பால் பயனில்லை, மங்கலாகத்தான் இருக்க வேண்டும். பூச்சிகளும் சிவப்பை அவ்வளவாக மொய்க்காது. கொசுவுக்கு இது பொருந்தாது, அது நம் மூச்சையும் உடல் சூட்டையும் தேடி வருவது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். பல மலிவு டார்ச்சுகளில் முதலில் வெள்ளை வரும், அடுத்த அழுத்தலில்தான் சிவப்பு. அப்படியானால் ஒவ்வொரு முறையும் கண் கூசிய பிறகே சிவப்பு கிடைக்கும். சிவப்புக்குத் தனிப் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். வெள்ளை டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுவது அவசரத்துக்குச் சரி. வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு, அதில் சிவப்பு குறைவு. தாள் பெரும்பகுதி வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

சிவப்பு வெளிச்சத்தில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. மின்பெட்டியைத் திறக்காதீர்கள்: நீல ஒயரும் எர்த்தின் பச்சையும் ஒன்றுபோலக் கறுப்பாகத் தெரியும். வரைபடத்தில் சிவப்பு மையால் போட்ட கோடுகள் மறைந்துவிடும். காட்டுப் பாதையில் நடக்கவும் சிவப்பு வேண்டாம். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்க்கிறோமே, அந்தப் பச்சை விரியன் இலைக்கு நடுவே இருந்தால் பகலிலேயே கண்ணில் படாது. சிவப்பு வெளிச்சத்தில் இலையும் பாம்பும் ஒரே இருட்டுத்தான். நடக்கும்போது வெள்ளையை அடியுங்கள்.

பச்சை மீன்பிடிப்பவர்களுக்கு ஆகும். தண்ணீருக்குள் இறக்கிய பச்சை விளக்கைச் சுற்றி நுண்ணுயிர்கள் கூடும், அவற்றைத் தேடிச் சிறுமீன், சிறுமீனைத் தேடிப் பெரியது. மனிதக் கண்ணுக்கும் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைதான் மிகப் பிரகாசமாகத் தெரியும், அதனால் குறைந்த மின்சாரத்திலேயே வேலை நடக்கும். நீலம் பெரும்பாலும் அழகுக்கு. ரத்தக் கறை தேட உதவும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: பிளாட்டில் பூனை எங்கோ சிறுநீர் கழிக்கிறது, நாற்றம் தாங்கவில்லை, இடம் தெரியவில்லை. யு.வி. (புற ஊதா) டார்ச்சில் 365, 395 என இரண்டு வகை இருக்கின்றன. எது நல்லது? – வாசகர், செந்தூல்

பதில்: 365 நானோமீட்டர், அதுவும் முன்புறம் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி உள்ளது. 395 மலிவுதான், ஆனால் அதன் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துக் கறையின் மங்கலான ஒளிர்வை அமுக்கிவிடும். கடையில் கறுப்பான, பளபளப்பில்லாத பொருள் மீது அடித்துப் பாருங்கள். பளிச்சென்று ஊதா வட்டம் விழுந்தால், அட்டையில் 365 என்று அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்து, சுவரோரமாகவும் சோபாவின் கால் அருகிலும் மெதுவாக நகர்த்துங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள்பச்சையாக ஒளிரும். பளீர் நீலவெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் சலவைத்தூள் மிச்சம், ஏமாற வேண்டாம். கறையின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு விளக்கைப் போடுங்கள். என்சைம் வகைத் திரவத்தை ஊற்றி, போத்தலில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். குளோராக்ஸ் போன்ற ப்ளீச் ஊற்றாதீர்கள், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இதே டார்ச் தோட்டத்துப் பக்கம் தேளைத் தேடவும் உதவும், தேள் பச்சைநீலமாக மின்னும். 365 கண்ணுக்கு அநேகமாகத் தெரியாததால் கண்மணி சுருங்காது. அதனால் நேராகப் பார்ப்பது ஆபத்து, குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய டார்ச்சில் 9,900 எம்.ஏ.எச். 18650 பேட்டரி என்று எழுதியிருந்தது. அரை மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தச் செல்லில் 9,900 எம்.ஏ.எச். கொள்ளளவு அடங்காது, நல்ல தரத்திலேயே 3,500 சுமார்தான். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும், போலி பல சமயம் 30க்கும் கீழே நிற்கும். தராசோடு சேர்த்துப் படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தின் படத்தையும் வைத்துக்கொண்டு முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவரின் பெயரும் முகவரியும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இந்த வழி சிரமம், வாங்கிய தளத்தின் திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் அங்கேயே புகார் போடுங்கள்.