ஐஸ் ஹாக்கி வீரர் ஸ்காட் ஸ்டீவன்ஸ் திறமையான ஆட்டக்காரரா, வெறும் முரடரா?

கேள்வியின் இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. கனடாவின் கிச்சனரில் 1964இல் பிறந்த ஸ்டீவன்ஸ், 18 வயதிலேயே வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காக வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் ஆடத் தொடங்கினார். செயின்ட் லூயிஸில் ஒரே பருவம்; பிறகு 1991 முதல் நியூ ஜெர்சி டெவில்ஸ். மொத்தம் 1,635 ஆட்டங்கள், 908 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கான உதவிகளும்). முரட்டுத்தனம் மட்டுமே உள்ள தடுப்பாட்டக்காரரால் இதை எட்ட முடியாது. அவர் தலைமையில் டெவில்ஸ் 1995, 2000, 2003 ஆண்டுகளில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது 2000 மே மாதம், பிலடெல்பியா அணிக்கு எதிரான தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம்தான். பிலடெல்பியாவின் எரிக் லிண்ட்ராஸ் தலையைக் குனிந்தபடி டெவில்ஸின் தற்காப்புப் பகுதியைக் குறிக்கும் நீலக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். எதிர்ப்புறத்திலிருந்து பாய்ந்த ஸ்டீவன்ஸின் தோள் அவர் தாடையில் இறங்கியது. லிண்ட்ராஸ் பனித்தரையில் சாய்ந்தார். அந்த அணிக்காக அவர் அதன் பிறகு ஆடவே இல்லை. அன்றைய விதிப்படி அது குற்றமல்ல, தண்டனையும் இல்லை. விதிதான் தவறு என்பேன்: பக்கவாட்டிலிருந்து தலையைக் குறிவைத்து மோதுவதை என்எச்எல் 2010இல்தான் தடைசெய்தது.

ஸ்டீவன்ஸின் ஆட்டமும் மூளை அதிர்ச்சியின் பின்விளைவுகளால் 2004இல் முடிந்தது. 2007இல் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.