வாசம் போய்விட்டது, டைகர் பாம் மட்டும் தெரிகிறதே?

கேள்வி: எனக்கு 54 வயது. யாங்கூனில் வீட்டு வாசலில் காலைப் பலகாரக் கடை போட்டிருக்கிறேன். பத்து வாரத்துக்கு முன் காய்ச்சலும் இருமலும் வந்து ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அதிலிருந்து மூக்கடைப்பு இல்லாமலே வாசமும் இல்லை, ருசியும் இல்லை. ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) ஜாடியைத் திறந்தால்கூட ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் டைகர் பாம் மட்டும் சுருக்கென்று ஏறுகிறது. இப்போது இரண்டு வாரமாகக் காபியும் வதக்கிய வெங்காயமும் கருகிய ரப்பர் மாதிரி நாறுகின்றன. மருந்துக்கடையில் ஒரு மூக்குச் சொட்டு மருந்தும் நாலைந்து மாத்திரை சேர்த்த பொட்டலமும் கொடுத்தார்கள். அவற்றை எடுத்துக்கொள்ளலாமா? என் மூக்கு திரும்ப வருமா?

பதில்: அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள் அம்மா. சொட்டு மருந்தும் வேண்டாம். மூக்கு பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் டைகர் பாம் கதை. இந்தத் தைலத்தின் பூர்வீகமே நம்ம ரங்கூன்தான். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் இங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். அவருடைய மகன்கள்தான் இந்தத் தைலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய், பிறகு சிங்கப்பூருக்கு மாறினார்கள். அதில் மெந்தாலும் கற்பூரமும் இருக்கின்றன. மெந்தாலின் குளுமை, மிளகாயின் எரிச்சல், வெங்காயம் நறுக்கும்போது கண் கரிப்பது எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது முகத்தில் ஓடும் முக்கிளை நரம்பு. வாசத்துக்கு வேறு நரம்பு. அது மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, சின்ன இடத்தில் படர்ந்திருக்கிறது. உங்களுக்கு அடிபட்டது அந்த இடம். அதனால் டைகர் பாம் சுருக்கென்று ஏறுவதை வைத்து 'மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு கட்ட முடியாது. மூக்கில் வைத்து உறிஞ்சும் மெந்தால் குப்பிக்கும் இதே கதைதான்.

ருசிக்கு வருவோம். உப்பு, சர்க்கரை, புளிக்கரைசல், சர்க்கரை போடாத கறுப்புக் காபி நாலையும் தனித்தனியாக நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நாலும் பிரித்துத் தெரிந்தால் உங்கள் நாக்கு பழுதில்லை. மொகிங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸ் குழம்பில் எலுமிச்சம்புல் இருக்கிறதா, மீன் புதிதா என்பதையெல்லாம் மெல்லும்போது தொண்டை வழியாகப் பின்பக்கமாக ஏறும் வாசத்தை வைத்து மூக்குதான் சொல்கிறது. பனைவெல்லத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றால் யாருக்கும் வெறும் இனிப்பாகத்தான் இருக்கும். நாலு ருசியும் தெரியவில்லை, மிளகாய்கூட உறைக்கவில்லை என்றால் அது வேறு. கொரோனா சிலருக்கு நாக்கையும் உறைப்பையும் சேர்த்தே பாதிக்கும். அப்படியிருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

சளி பிடித்தால் வாசம் போவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது வெறும் அடைப்பு, சளி இறங்கினால் திறந்துவிடும். உங்களுடையது வேறு வகை. மூக்கு அடைக்காமலே வாசம் போகும். இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களும் இதைச் செய்யும், மருத்துவர்களுக்கு இது பழைய விஷயம். கொரோனா வந்தபோதுதான் ஊரெல்லாம் பேசியது. பிரிட்டனில் 2020 மே 18 அன்று வாசம் போவதையும் கொரோனாவின் அறிகுறிப் பட்டியலில் சேர்த்தார்கள். கொரோனா வைரஸ் நேராகத் தாக்குவது பெரும்பாலும் வாச நரம்புகளுக்குப் பக்கத்தில் நின்று அவற்றைத் தாங்கும் செல்களை. தாங்கும் செல் செத்தால் நரம்பும் தளர்ந்துவிடும். நல்ல வேளையாக, அந்த இடத்தில் புது நரம்பு செல்கள் ஆயுசு முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். உடம்பில் வேறெந்த நரம்புக்கும் இப்படிச் சுலபமாக வாய்ப்பதில்லை. உங்களுக்கு வந்தது எந்த வைரஸ் என்று பத்து வாரம் கழித்துத் தேடுவதில் பலன் இல்லை. இனி செய்ய வேண்டியது எதுவானாலும் ஒன்றுதான்.

எவ்வளவு நாள் ஆகும்? கொரோனாவில் வாசம் இழந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2022இல் ஒரு கணக்கு போட்டார்கள். 30 நாளில் சுமார் 74 சதவீதம் பேருக்கும், 90 நாளில் 90 சதவீதம் பேருக்கும், 180 நாளில் 96 சதவீதம் பேருக்கும் வாசம் திரும்பியது. இது பெரும்பாலும் அவரவர் வாயால் சொன்ன கணக்கு, ஆகவே கொஞ்சம் முன்பின் இருக்கும். நீங்கள் மெதுவாகத் திரும்புகிற கூட்டத்தில் இருக்கிறீர்கள், கைவிட்டுப்போன கூட்டத்தில் இல்லை.

காபி நாறுவது பயமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது நல்ல செய்தி. நரம்பு அடியோடு செத்திருந்தால் நாற்றமே வராது. புதிதாக வளரும் நரம்புகள் புதிதாக இழுத்த மின்கம்பி அடுத்த வீட்டில் போய்ச் சேர்வது மாதிரி இடம் மாறி இணைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். காபியை வறுக்கும்போது உண்டாகும் கந்தகம் கலந்த சில பொருட்கள் இதை அதிகம் தூண்டும். பூண்டு, வெங்காயம், வறுத்த கறி, முட்டை இவையும் அப்படியே. நம்ம பர்மா சமையலில் எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதங்காமல் என்ன குழம்பு இருக்கிறது? அதனால் உங்களுக்குத் தொல்லை கொஞ்சம் கூடுதல்தான். சூடு ஆறிய பிறகு சாப்பிடுங்கள், ஆவி குறைந்தால் நாற்றமும் குறையும். தயிர்ச்சோறு, இட்லி, வேகவைத்த பருப்பு, பழம் இவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வதக்கும் வேலையை இப்போதைக்கு வீட்டில் வேறொருவரிடம் விடுங்கள். சாப்பிடப் பிடிக்காமல் எடை குறைகிறவர்கள் உண்டு, மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

இனி மருந்து. அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அதுவே புது அடைப்பை உண்டாக்கும். உங்களுக்கு அடைப்பே இல்லை, எதற்கு அது? பொட்டல மாத்திரையில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். வைரஸால் போன வாசத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையால் உறுதியான பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. துத்தநாக மாத்திரையும் அப்படித்தான். மூக்கில் தடவும் துத்தநாக ஜெல்லோ வாசத்தையே பறிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரித்தது. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

பலன் தரக்கூடியது மூக்குப் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நாலு வாசம், காலையும் மாலையும், 12 வாரம். தெய்ஞ்சி மார்க்கெட்டில் கிராம்பும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொள்ளலாம். எலுமிச்சைக்குத் தோலைச் சீவினால் போதும். ரோஜாவுக்குப் பன்னீர் வாசம் லேசு, ரோஜா எண்ணெய் கிடைத்தால் நல்லது. மூடியுள்ள சின்னக் குப்பிகளில் பஞ்சு வைத்து, எண்ணெயானால் ஓரிரு சொட்டு விடுங்கள், கிராம்பானால் நசுக்கிப் போடுங்கள். குப்பியை மூக்குக்குக் கீழே பிடித்து இருபது விநாடி மெதுவாக, சின்னச் சின்னதாக முகருங்கள். ஆழமாக இழுக்க வேண்டாம். அரை நிமிடம் விட்டு அடுத்த குப்பி.

முகரும்போது கிராம்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்தால் பாதிப் பயன் போய்விடும் என்பேன். முதல் வாரங்களில் ஒன்றும் தெரியாது. அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 12 வாரம் முடிந்ததும் நாலையும் மாற்றுங்கள். ஏலக்காய், கொத்தமல்லி விதை, முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டை, எலுமிச்சம்புல் என்று உங்களுக்குப் பழகிய வாசங்களை எடுங்கள், பழைய நினைவு இருக்கிற வாசம் நல்லது. ஆறு மாதம் தொடருங்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது, கெடுதல் இல்லை, செலவும் இல்லை. டைகர் பாமையும் ஊதுபத்தியையும் பயிற்சியில் சேர்க்காதீர்கள். வீட்டில் யாராவது சுருட்டுப் பிடித்தால் வெளியில் போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் புகையிலை வைத்து வெற்றிலை போடுகிறவராக இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கடை நடத்துகிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சிலிண்டர் எரிவாயுவுக்குச் சொந்த வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள், உங்களுக்கு அதுவும் தெரியாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். சிலிண்டர் வால்வை இரவில் மூடுங்கள். வாரம் ஒருமுறை குழாயிலும் இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். மின்வெட்டுக்காக அடுப்புக்கரி பற்றவைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதன் நச்சு வாயுவை நல்ல மூக்கும் கண்டுபிடிக்காது. கதவைத் திறக்காவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போன ஃபிரிட்ஜில் இருந்த தேங்காய்ப்பால், மீன், கறியை விற்க வேண்டாம். மற்ற நாட்களில் தேங்காய்ப்பாலையும் மீனையும் வீட்டில் வேறொருவர் முகர்ந்து சொல்லட்டும். உப்பைக் கரண்டி அளந்து போடுங்கள். உணவு சப்பென்று இருக்கிறதே என்று உப்பையும் சர்க்கரையையும் ஏற்றிக்கொண்டே போனால் உங்களுக்கும் கெடுதல், வாடிக்கையாளருக்கும் கெடுதல்.

காது மூக்கு தொண்டை டாக்டரை இன்னும் மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் பாருங்கள். ஒரு மூக்குத் துளையில் மட்டும் வாசம் இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் அடைப்போ இரத்தமோ வருகிறது, கண் பார்வை மாறுகிறது, முகம் வீங்குகிறது, தலையில் அடிபட்ட பிறகு ஆரம்பித்தது என்றால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள். போகும்போது நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். மெட்ரோனிடசோல் மாதிரிச் சில மாத்திரைகள் வாயில் உலோக ருசியைக் கொண்டுவரும். அது மாத்திரையின் வேலையா, வைரஸின் வேலையா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு அந்த அட்டைகள் தேவைப்படும்.