பாடியவர் ஒட்டுக்கட்டுகிறார்

அன்புள்ள ஐயா,

கிம் வைல்ட் என்ற ஆங்கிலப் பாப் பாடகி பிற்காலத்தில் தோட்டக்காரி ஆனார் என்று சென்ற வாரம் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஊர் உலகம் கேட்ட குரல் மண்வெட்டி பிடித்ததில் உங்களுக்கு வருத்தமே இல்லையா? என் அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் பாடினார். தர்மபுரி, கிருஷ்ணகிரித் திருவிழாக்களில் அவருக்கென்றே கூட்டம் உட்கார்ந்திருக்கும். இப்போது சந்தூரில் ஒரு நர்சரியில் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டப் போகிறார், நல்ல மரத்துக் குச்சியை நாற்றுச் செடியோடு சேர்த்துக் கட்டும் வேலை. யாராவது விசாரித்தால் அம்மா "பிசினஸ் செய்கிறான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஒரு வாசகி, போச்சம்பள்ளி

அன்புள்ள சகோதரிக்கு,

வருத்தம் இல்லை. ஒரே வரியில் முடித்தது மட்டும் என் தவறு.

1981இல் 'கிட்ஸ் இன் அமெரிக்கா' வந்தபோது கிம் வைல்டுக்கு வயது 20. பாட்டை எழுதியவர்கள் அப்பாவும் தம்பியும். பிரிட்டனின் பாட்டுத் தரவரிசையில் அது இரண்டாம் இடம் வரை போனது. 1987இல் வேறொரு பாட்டு அமெரிக்காவிலேயே முதலிடம். மறு ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ஐரோப்பியக் கச்சேரிகளில் அவருக்கு முன்னால் மேடையேறிப் பாடினார். பிறகு மவுசு குறைந்தது, கல்யாணம், குழந்தைகள். பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு தோட்டம் போட நினைத்தவர், ஆளை வைத்துப் போட்டுக்கொள்ளாமல் தோட்டக்கலைக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். மைக்கைப் பிடித்த கையோடு போய் அ, ஆ என்று தொடங்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 2005இல் லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சியில், கூட்டாளியோடு அவர் அமைத்த தோட்டத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாட்டையும் விட்டுவிடவில்லை, 2018இல்கூட ஆல்பம் வந்தது.

ஆனால் உங்கள் அண்ணனையும் அவரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அந்த அம்மாளுக்குக் கையிருப்பு இருந்தது, பெயரைக் கேட்டதும் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். உங்கள் அண்ணனுக்குத் திருவிழா முடிந்தால் அடுத்த திருவிழா வரை அடுப்பு எரிய வேண்டுமே. அவர் இறங்கியதுதான் கடினமான இறக்கம்.

ஒட்டுக்கட்டுவதைக் கூலி வேலை என்று நினைப்பவர்கள் சந்தூரில் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். தாய்மரத்துக் குச்சியில் பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிடுகிறார்கள், நுனிமொட்டு திரளட்டும் என்று. கொட்டை முளைத்து வந்த செடியின் தலையைச் சீவி, நடுவில் பிளேடால் ஒரு பிளவு. குச்சியின் அடியை இருபுறமும் ஆப்புப் போலச் செதுக்கி அதில் இறக்கி, பட்டையும் பட்டையும் ஒட்டும்படி பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். செதுக்கிய இடம் காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எனக்கு ஒட்டுப்போட்டுக் காட்டியவரின் விரல்கள் தாளம் தப்பவில்லை. நான் முயன்றதில் குச்சியும் போயிற்று, கட்டை விரலும் கிழிந்தது.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். மேடையில் மகனைப் பார்த்த கண் அது, பழக நாளாகும். நீங்களாவது அடுத்த முறை கேட்பவரிடம் "மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறார்" என்று சொல்லிப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் இருந்தால் அவர் வீட்டில் மாமரம் இல்லை என்று அர்த்தம்.

அண்ணனிடம் எனக்காக ஒன்று விசாரிக்க வேண்டும். போன வருடம் பெங்களூரா ரக மாங்கன்று ஐந்து வைத்தேன். ஒட்டு பிடித்த பிறகும் நாடாவை அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். தண்டு பருத்து, நாடா கழுத்தை இறுக்கி இரண்டு போய்விட்டன. மூன்றாவதில் தழும்பு ஆழமாக இருக்கிறது, தளிரும் வருகிறது. அதை வைத்துக்கொள்ளலாமா, பிடுங்கிவிட்டுச் செந்தூரா ரகம் வைக்கலாமா?