நான்கு அங்குலம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அமெரிக்க–மெக்சிகோ எல்லைச் சுவருக்குள் சீசா என்னும் ஏறி இறங்கும் விளையாட்டுப் பலகைகளைச் செருகி, இரு நாட்டுக் குழந்தைகளும் ஆடிய படத்தை அண்மையில்தான் பார்த்தேன். செய்தவர் கட்டடக்கலைப் பேராசிரியராம். எல்லை என்பது அரசியலும் ராணுவமும். அதில் கட்டடக்கலைக்கு என்ன வேலை? வெறும் விளம்பரம் இல்லையா? என் மகள் கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க். நான்காம் ஆண்டு. எல்லைச் சுவரைத்தான் தீசிஸுக்கு எடுப்பேன் என்கிறாள். விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விளம்பரம்தான், இருக்கட்டுமே. நீங்கள் சொன்ன பேராசிரியர் ரொனால்ட் ரேலும் அவரோடு சேர்ந்து வர்ஜீனியா சான் ஃபிராடெல்லோவும் 2019 ஜூலையில் வைத்த அந்த மூன்று இளஞ்சிவப்புப் பலகைகள் ஒரு மணி நேரம்கூட அங்கே இல்லை. லண்டன் டிசைன் மியூசியம் விருது கொடுத்தது. அது போகட்டும்.

‘கட்டடக்கலைக்கு என்ன வேலை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. அந்தப் பலகை எதன் வழியாக நுழைந்தது என்று பார்த்தீர்களா? புதிய சுவரில் பெரும்பகுதி சுவரே அல்ல. 6 அங்குலச் சதுர இரும்புக் குழாய்கள், உள்ளே கம்பியும் கான்கிரீட்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 அங்குலம். உயரம் 18 முதல் 30 அடி. 1990-களில், வியட்நாம் போர்க்காலத்தில் விமானம் இறங்கத் தரையில் விரித்த இரும்புத் தகடுகளை நட்டு வேலி போட்டார்கள். அந்தப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று காவலருக்கே தெரியவில்லை. அதனால் வந்தது இந்த இடைவெளி. அமெரிக்கக் கட்டட விதியில் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவேயும் 4 அங்குல உருண்டை நுழையக் கூடாது. அதைவிட அகலமானால் குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளும். அதே அளவுதான். குழந்தையின் கை நுழையும், மான் நுழையாது. இதை முடிவு செய்தது ராணுவமா, வரைபலகையா?

உயரம் கூடினால் காவல் கூடும் என்பதும் பாதிதான் உண்மை. குழாய்களை மேலே ஒரு தகடு மட்டும்தான் சேர்த்துப் பிடிக்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பேட்டரி ரம்பத்தால் அடியில் அறுத்துவிட்டால், தொங்கும் நீளமே நெம்புகோலாகிவிடும், தள்ளினால் விலகும். சீசாவும் நெம்புகோல்தான், அது வேறு விஷயம்.

ஆனால் ரம்பத்தைவிடப் பெரிய எதிரி தண்ணீர். இதைத்தான் யாரும் பேசுவதில்லை, நீங்களும் கேட்கவில்லை. அரிசோனாவின் நொகாலெஸ் நகரை ஒட்டி ஓடைகள் மெக்சிகோவிலிருந்து வடக்கே பாய்கின்றன. பலவற்றில் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான், கோடை மழையில் வெள்ளம். வெள்ளம் வெறும் தண்ணீராக வருவதில்லை. முதலில் ஒரு முள் கிளை இரண்டு குழாய்களுக்குக் குறுக்கே மாட்டும். அதன்மேல் புல், அதன்மேல் பிளாஸ்டிக். சற்று நேரத்தில் 4 அங்குலமும் அடைபட்டு, வேலி அணையாகிவிடும். அணையாக அதை யாரும் கணக்குப் போடவில்லை. தேங்கும் ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்கு; அடியோடு கவிழ்க்கும் திருப்புவிசை 8 மடங்கு. இன்னொரு பக்கம் அடிமண் அரிக்கிறது. 2014 ஜூலையில் அங்கே சுமார் 60 அடி நீள வேலி சாய்ந்தது. அடித்தளம் தரைக்குக் கீழே 7 அடி இருந்தும்.

மதகு வைத்தால் போயிற்று என்பார்கள். வைத்தார்கள். மழைக்காலம் முழுக்கத் திறந்து வைத்தால் அங்கே சுவர் இல்லை. மூடி வைத்தால் அணை. 2021 ஆகஸ்டில் அதே அரிசோனாவின் டக்ளஸ் ஊருக்கு அருகே வெள்ளம் மதகுக் கதவுகளைக் கீலோடு பிய்த்துக்கொண்டு போனது.

டெக்சாஸில் ரியோ கிராண்டே நதிதான் எல்லை. வெள்ளத்தை மறிக்கும், திருப்பும் கட்டுமானம் கூடாது என்று இரு நாடுகளின் 1970 ஒப்பந்தம் சொல்கிறது. அதனால் சுவர் நதியை விட்டு உள்ளே தள்ளி, வெள்ளத் தடுப்புக் கரைமேல் ஏறியது. சுவருக்கும் நதிக்கும் நடுவே அமெரிக்கர்களின் வீடும் வயலும் மாட்டிக்கொண்டன. நம் வங்கதேச எல்லை வேலியும் பெரும்பாலும் எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜம் தள்ளித்தான் நிற்கிறது. வேலிக்கு வெளியே இந்தியக் கிராமங்கள். அங்கே இருப்பவர்கள் கதவு திறக்கும் நேரம் பார்த்து வயலுக்குப் போகிறார்கள். 150 கஜம் வெறும் எண் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தடுக்காதீர்கள். நீங்கள் தடுத்தால் ஷாப்பிங் மால் வரைவாள், அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் சூரியன் மறையும் படமும் பறவையும் போட்டு, மதிப்பெண் போடும் ஜூரியை மயக்கலாம் என்று நினைத்தால் நீங்களே கண்டியுங்கள். முதலில் எல்லையைக் கடக்கும் ஓர் ஓடையை மட்டும் எடுக்கட்டும். மழைநீர் அந்த ஓடைக்கு வந்து சேரும் இரு நாட்டு நீர்ப்பிடிப்புப் பரப்பையும் ஒரே வரைபடத்தில் போட்டு, தண்ணீர் எந்தப்பக்கம் போகிறது என்று அம்புக்குறி இடட்டும். பிறகு வேலியின் குறுக்குவெட்டு, 1:20 அளவில், அடித்தளத்தோடு. ஒரு முறை காலி ஓடையாக, ஒரு முறை குப்பை அடைத்து 5 அடி தண்ணீர் நிற்பதாக. அதில் ஒரு கதவு வரைந்தால், சாவி யாரிடம், எந்த மாதம் திறப்பது, திறக்க ஆள் எவ்வளவு தூரம் வரவேண்டும் என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.