நடுக்கடலில் திமிங்கில வேட்டைக் கப்பலும் ஆர்வலர் கப்பலும் மோதினால் யார் விசாரிப்பது?

கப்பல் எந்த நாட்டுக் கொடியின் கீழ் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு, அல்லது சம்பந்தப்பட்ட மாலுமியின் சொந்த நாடு. ஆழ்கடலுக்கென்று தனிக் காவல்துறை கிடையாது. அண்டார்டிக் கடலில் ஜப்பானிய வேட்டைக் கப்பல்களும், திமிங்கில வேட்டையை எதிர்க்கும் சீ ஷெப்பர்ட் அமைப்பினரும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நிற்க முடிந்தது அதனால்தான்.

ஆர்வலர்கள் நாற்றமடிக்கும் பியூட்டிரிக் அமிலக் குப்பிகளை வீசினார்கள். உந்துவிசிறியில் சிக்கும்படி கயிறுகளைக் கடலில் போட்டார்கள். தாய்க்கப்பலின் பின்புறச் சரிவுப்பாதையை மறித்ததுதான் கெட்டிக்கார உத்தி. கொன்ற திமிங்கிலத்தை அந்த வழியாகத்தான் மேலே இழுக்க வேண்டும். வேட்டைக் கப்பல்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்தன. 2010 ஜனவரியில் ஜப்பானியரின் ஷோனன் மாரு 2 கப்பலோடு மோதியதில் ஆர்வலர்களின் ஆடி கில் படகின் முகப்பு பிய்ந்துபோனது. தவறு யாருடையது என்பதில் இரு தரப்பும் எதிரெதிராகப் பேசின. ஆர்வலர்களின் துணிவை மதிக்கிறேன். ஆனால் பனிக்கடலில் ஒரு கப்பலை முடக்குவது மாலுமிகளின் உயிரோடு விளையாடுவது.

வணிக வேட்டைக்கு 1986 முதல் தடை இருந்தும், ஆய்வுக்கான விதிவிலக்கைக் காட்டி ஜப்பான் வேட்டையைத் தொடர்ந்தது. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில், அந்த அனுமதிகள் அறிவியல் ஆய்வுக்கானவை அல்ல என்று 2014இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜப்பான் புதிய திட்டத்தோடு திரும்பி வந்தது. 2019இல், இந்தத் தடையை விதித்த சர்வதேச திமிங்கில ஆணையத்திலிருந்து விலகியபோதுதான் அண்டார்டிக் வேட்டையைக் கைவிட்டது. தன் கடல் எல்லைக்குள் வேட்டை தொடர்கிறது.