சிறுவயதில் "கிறிஸ்தவர்கள் அரசியலில் கை வைக்கக் கூடாது" என்று சபையில் கற்றுக்கொடுத்ததை எப்போது கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள்?

கேள்வி கேட்டவர் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு மூப்பரோ (சபையை நடத்தும் பெரியவர்) ஊழியக்காரரோ இருப்பார். வெளியாட்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. "நீங்க எல்லாம் மொத்தமா ஒரே பக்கம் குத்துவீங்களாமே" என்று நம்மிடமே கேட்பவர்கள் அவர்கள். ஓட்டே போடாத கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று உண்டு என்றால் நம்ப மாட்டார்கள்.

முதலில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து நிற்பார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. விசுவாசத்தை விட்டவளும் இல்லை, இன்றும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன் (சபை மட்டும் வேறு). பிரசங்க பீடத்தில் நின்று சின்னம் சொல்லும் போதகர்களையும் எனக்குப் பிடிக்காது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படியே தவறு. கிறிஸ்தவர்கள் எல்லோரும் எங்களைப் போல இருந்தார்கள் என்றும் சொல்லவில்லை. காமராஜர் அமைச்சரவையில் 1957 முதல் 1962 வரை உள்ளாட்சித் துறையைப் பார்த்த லூர்தம்மாள் சைமன் ஒரு கத்தோலிக்கப் பெண். குடிதண்ணீர், தெருவிளக்கு, ஊராட்சி எல்லாம் சேர்ந்த துறை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. தெரிய விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்களுடையது சின்ன சபை. பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். ஓடு வேய்ந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஞாயிறு பள்ளியில் சார்ட் பேப்பரில் வரைந்த ஒரு படம் மாட்டியிருக்கும். நரகத்துக்குப் போகும் விசாலமான வழி, பரலோகத்துக்குப் போகும் இடுக்கமான வழி. விசாலமான வழியில் சினிமாக் கொட்டகை, சாராயக் கடை, அதற்கடுத்து ஒரு கட்சிக் கொடி. எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் கொடிக்கு ஊதாவும் ரோஸும் அடித்திருந்தார் எங்கள் டீச்சர். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அவருக்கு அரசியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மனப்பாட வசனங்களும் அதற்கேற்றபடிதான். "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல." "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." கர்த்தருடைய இரகசிய வருகை (இயேசு வந்து விசுவாசிகளைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்வது) எந்த நிமிடமும் நடக்கலாம், இடியப் போகிற வீட்டுக்கு எதற்கு வெள்ளையடிப்பது என்பார்கள். ஓட்டு, கட்சி, கிராம சபை, மனுவில் கையெழுத்து, எல்லாமே உலகத்தோடு பிணைப்பு. இது எங்கள் ஊரில் முளைத்த போதனையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் குருவாக இருந்து சபையை விட்டு வெளியே வந்த டார்பி என்பவரும் விசுவாசி ஓட்டுப் போடக் கூடாது என்றுதான் சொன்னார். கடல் தாண்டி வந்த சரக்கு. அது தெரியாமல் வேதத்தில் அப்படியே எழுதியிருக்கிறது என்று நம்பினோம்.

எனக்குச் சந்தேகம் வந்தது வேதத்தைப் படித்து அல்ல, தண்ணீரால்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு, எங்கள் பக்கம் பல ஊர்களில் அது தாண்டியது. பல் முளைக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வயதானவர்களுக்கு முட்டியும் இடுப்பும் மடங்காது. அதற்குத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், கர்நாடகத்தில் போராட்டம், இங்கே சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம், கொஞ்ச நாள் நிறுத்திவைப்பு, ஜப்பான் கடன், கடைசியில் 2013 மே மாதம் திறப்பு. அதற்கு நடுவில் ஒவ்வொரு ஊரிலும் எந்தத் தெருவுக்குக் குழாய், எங்கே மேல்நிலைத் தொட்டி என்று ஒரு குட்டி அரசியல் ஓடியது. அதைத்தான் எங்களுக்குத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

2010 என்று நினைவு. எங்கள் தெரு பட்டியலில் இல்லை என்று கேள்விப்பட்டு, அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போனார்கள், நானும் கூடப் போனேன். அப்பாவுக்குத் தெரியாது. தலைவர் நல்ல மனுஷன்தான், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"ஏம்மா, உங்க தெருவுல இருக்கறதே இருவது வீடு. அதுல பதினாலு வீட்டுக்காரங்க ஓட்டே போடறதில்ல. கிராம சபைக்கும் வரமாட்டீங்க. நான் யாருக்குன்னு போய்ப் பேசறது, நீங்களே சொல்லுங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில், "நியாயமாத்தானே கேட்டாரு" என்றார்.

அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். கல்லூரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தார்கள், நானும் நிரப்பிக் கொடுத்திருந்தேன். 2011 ஏப்ரல் 13, புதன்கிழமை. புளி மண்டிக்குப் போன அப்பா திரும்புவதற்குள் நடுநிலைப் பள்ளிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நிமிட வேலை. பிரச்சினை அதற்குப் பிறகுதான். இடது ஆள்காட்டி விரலில் நகத்திலிருந்து கீழே வரை மை. அது மைசூரில் தயாராவது, வெள்ளி நைட்ரேட் கலந்தது. காவிரிக்காக அவ்வளவு சண்டை போட்ட காலத்திலும் அந்த மை மட்டும் ஒரு தகராறும் இல்லாமல் கர்நாடகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பப்பாளிப் பால் தடவினேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். தீக்குச்சி மருந்தைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்ததில் தோல் எரிந்ததுதான் மிச்சம். தோழி ஒருத்தி, பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொள், தெரியாது என்று யோசனை சொன்னாள். எங்கள் வீட்டில் மருதாணியே பாவம்!

நாலு நாள் முந்தானையில் மறைத்துச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டேன். டவுன் சர்ச்சுகளில் அன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு, எங்களுக்கு அதெல்லாம் கிடையாது, வழக்கம்போல அப்பம் பிட்குதல், இயேசுவின் மரணத்தை நினைத்து எல்லோரும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்து சாப்பிடுவது. ஒரு முழு அப்பம் எவர்சில்வர் தட்டில் வைத்து வரும், ஒவ்வொருவரும் பிட்டுக்கொள்ள வேண்டும். வலது கையால் மட்டும் பிட்டுப் பாருங்கள், முடியாது. ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை பிய்க்க வேண்டும். பெண்கள் பக்கம் தட்டைக் கொண்டுவந்தது அன்றைக்கு அப்பாதான், மூப்பர் என்ற முறையில். என் இடது கை அப்பத்தின் மேல் இருந்தது. அப்பா பார்த்தார். தட்டு ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்தவருக்கு நகர்ந்தது.

அன்றிரவு வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் தட்டைக் கழுவிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி, "பல்லுல கறை இருந்தா பாவமில்லையாம், வெரல்ல இருந்தா பாவமாம்" என்றார்.

மூன்று ஞாயிறு என்னை அப்பத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதைச் சபையில் எழுந்து அறிவித்ததும் அப்பாதான். சொந்த மகள் என்று பார்க்காதவர் என்று இன்னொரு மூப்பர் அவரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே மூப்பர் தன் மகனுக்கு வாத்தியார் வேலையில் இடமாறுதல் வாங்க யார் வீட்டு வாசலில் எத்தனை நாள் நின்றார் என்பது ஊருக்கே தெரியும். சிபாரிசுக் கடிதம் வாங்கினால் உலகத்தோடு பிணைப்பு இல்லை போலிருக்கிறது.

அந்த மூன்று வாரமும் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் படித்தேன். வேதத்தில் நியாயாதிபதிகள் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் யோதாம் என்பவர் சொல்லும் கதை. மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவ மரம், என் எண்ணெயை விட்டுவிட்டு அரசாளப் போவேனா என்கிறது. அத்தி மரம் என் பழத்தை விட்டுவிட்டா என்கிறது. திராட்சைக்கும் நேரமில்லை. கடைசியில் முட்செடியிடம் போகிறார்கள், அது உடனே சரி என்கிறது, என் நிழலில் வந்து அடங்குங்கள், இல்லையென்றால் நெருப்பு வரும் என்கிறது. எங்கள் ஏரிக்கரை முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் நிழலில் ஒதுங்கியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டாம். (அது அண்ணன் தம்பிகளைக் கொன்று ராஜாவான அபிமெலேக்கைக் குறித்த கதை, ராஜா கேட்டதே தவறு என்று ஒரு வியாக்கியானம் உண்டு. தெரியும். அதை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.)

ஒரு மூப்பரிடம் கேட்டேன். "அது பழைய ஏற்பாடு, சிஸ்டர்" என்றார். சரி, அப்போஸ்தலன் பவுல் புதிய ஏற்பாடுதானே பிரதர், சவுக்கால் அடிக்கப் போனபோது நான் ரோமக் குடிமகன் என்றாரே, "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமச் சக்கரவர்த்தியிடமே அப்பீல் போனாரே, பரலோகக் குடியிருப்பு போதும் என்று அடி வாங்கியிருக்கலாமே என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. பெண் இப்படிப் பேசலாமா என்பதுதான் வந்தது.

பல்லைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது விடுதியில் ஒருத்தி, "நீ பாக்கு போடுவியா?" என்று கேட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், தரகர் மூலமாக, பிள்ளைக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டா என்று விசாரித்தது. இருபத்தைந்து வயதுவரை கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் நான். மாம்பழம், தக்காளி, புளி என்று எங்கள் மாவட்டத்துப் பொருள் எல்லாம் வேண்டும், "தர்மபுரியா, அங்கே என்ன இருக்கு" என்றும் கேட்பார்கள். பல் தேய்க்காதவர்கள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் போரில் குடம் வைத்துப் பார்க்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா 2018இல் தவறினார். ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஊர்ச் சுடுகாட்டில் புதைக்கச் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை, மதம் மாறிப் போனவர்கள் என்றார்கள். சபைக்கென்று கல்லறைத் தோட்டம் இல்லை, கேட்டு மனு போட்டிருந்தால்தானே இருக்கும். அப்போது ஊராட்சிக்குத் தேர்ந்தெடுத்த தலைவரும் கிடையாது. 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோய், தனி அலுவலர் கையில் இருந்தது. வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டியில் அப்பா. இரவு பதினொரு மணிக்கு எங்கள் மூப்பர்கள் மூன்று பேர், அவர்களில் என்னை நிறுத்தியதைப் பாராட்டியவரும் உண்டு, முன்னாள் தலைவர் வீட்டு வாசலில் நின்றார்கள். திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அவர் வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டார், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை எழுப்பினார். காலையில் ஏரிக்கரை ஓரம் இடம் கிடைத்தது. குழி வெட்டும்போது அவரும் வந்து நின்றார். "அண்ணன் எனக்கு ஒரு ஓட்டு போட்டதில்ல. பரவால்ல, நம்ம ஊர்க்காரரு" என்று என்னிடம் சொன்னார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அரசியலை விட்டு விலகி நிற்கிறோம் என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். நாங்கள் நின்றது அதன் வாசலில். உள்ளே போய் உட்கார்ந்து கேட்க வேண்டியதை ராத்திரியில் வெளியே நின்று கெஞ்சிக் கேட்டோம்.

ஓட்டுப் போடாமல் இருப்பதும் ஒருவருடைய உரிமைதான், மறுக்கவில்லை. மனசாட்சிக்காகத் தேசிய கீதம் பாட மறுத்த யெகோவா சாட்சிப் பிள்ளைகளுக்கு 1986இல் உச்ச நீதிமன்றமே துணை நின்றது. அப்பாவின் மனசாட்சியும் அப்படிப்பட்டதுதான், சுத்தமான மனுஷன். ஆனால் அந்த மனசாட்சிக்கான குடத்தைச் சுமந்தது அம்மா.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு, முதல் ஓட்டு. கிராமத்தில் மிஷின் கிடையாது, நாலு சீட்டு. வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முந்தின நாள் இரவு நாலு வண்ண ஜாக்கெட் பிட்டை வைத்து எனக்கு ஒப்பித்துக் காட்டினார். முத்திரையை எப்படிக் குத்த வேண்டும், மை அடுத்த சின்னத்தில் ஒட்டாமல் எப்படி மடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அதே விரலோடு அப்பம் பிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பாயில் இன்னும் சில விரல்களிலும் மை இருந்தது.

குழாய் பிறகு வந்தது. தினமும் வராது, வரும் நாளில் விடியற்காலை மூணு மணிக்கு வரும். தண்ணீர் வராத நாளில் அம்மா வார்டு உறுப்பினருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார், "உனக்குத்தான வெள்ளச் சீட்டுல குத்துனேன்" என்று. 2025 ஜனவரியில் அவர்கள் பதவிக்காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார். அன்றிலிருந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல், தண்ணீர் வராத அன்றைக்கெல்லாம் மூணேகால் மணிக்கு எனக்குப் போன் வருகிறது.