கீமோ எடுக்கும் தம்பிக்குக் காய்ச்சல் மருந்து ஏற்றியதிலிருந்து உளறுகிறான். ஆன்டிபயாடிக்கால் இப்படி ஆகுமா?

ஆகும். எங்கள் மகளுக்கு ஆனது. உங்கள் தம்பிக்கும் வெள்ளையணு இறங்கி, காய்ச்சல் வந்து, செஃபிபிம் மாதிரி ஆன்டிபயாடிக் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

'கூகுள் டாக்டர் வந்துட்டார்' என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு: மருந்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. வெள்ளையணு இல்லாத உடம்பில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மகளுக்கு ரத்தப் புற்றுநோய். காய்ச்சல் விட்டு நாங்கள் சற்று மூச்சு விட்ட நேரத்தில்தான் பேச்சு குழம்பியது. தண்ணீர் பாட்டிலைக் காட்டினால் "பென்சில்" என்றாள். செருப்பைக் காட்டினாலும் பென்சில். "நான் யார்?" என்று அவள் அம்மா கேட்டதற்கும் அதே பதில். டம்ளரைக் கொடுத்தால் கை வெடுக்கென்று உதறும், தண்ணீர் முழுக்கப் படுக்கையில். அப்புறம் கண்ணைத் திறந்தபடியே அசையாமல் கிடந்தாள்.

கீமோ அசதி என்றார்கள். ராத்திரி டியூட்டிக்கு வந்த ஒரு இளம் டாக்டர்தான் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.9. லேப் தாளில் நார்மல் என்றே இருந்தது, ஏனென்றால் அது பெரியவர்களுக்கான அளவு. இவளுக்கு எப்போதும் 0.4தான். செஃபிபிம் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். கூடவே போட்ட அமிகாசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் கிட்னியைப் பதம் பார்த்திருக்க, செஃபிபிம் ரத்தத்தில் தேங்கிவிட்டது. மூளைக்கு பிரேக் போல இருக்கிற காபா என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுக்குமாம். மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுத்தால், உடம்பு துடிக்காமலே உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மருந்தை மாற்றிய சில நாளில் தெளிந்துவிட்டாள். கிட்னி சுணங்கியவர்களுக்கு டோஸைக் குறைக்காமல் செஃபிபிம் கொடுத்தால் இப்படி வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012லேயே எச்சரித்திருக்கிறது.

எல்லா உளறலுக்கும் ஆன்டிபயாடிக் காரணமில்லை, அதுவும் சரி. மெத்தோட்ரெக்சேட், ஐஃபாஸ்ஃபமைடு போன்ற கீமோ மருந்துகள், ரத்தத்தில் சோடியம் குறைவது, கிருமியே மூளைக்குப் போவது என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் இன்றைய கிரியேட்டினினைக் கீமோவுக்கு முந்தையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள், இ.இ.ஜி. தேவையா என்று கேளுங்கள். தம்பி வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவன் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்தாக மெரோபெனம் போட்டால் வால்ப்ரோயேட்டின் அளவு சரிந்துவிடும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் சொந்தக்காரர்கள் வேறு. வீடியோ காலில் குழந்தை முகத்தைக் காட்டச் சொல்லி அடம். காட்டவில்லை என்பதற்காக இன்றுவரை பேசாத சித்தப்பா ஒருவர் இருக்கிறார். இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "காய்ச்சல் குணமானது" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். செஃபிபிம் பெயரையும் நடந்ததையும் எழுதும்வரை நான் வார்டை விட்டு நகரவில்லை. அடுத்த காய்ச்சலில் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அவர்கள் கையில் அந்தத் தாள்தானே இருக்கும்?